ஸ்டெம் செல் மாத்தி 4 வருஷம் ஆச்சு, பாப்பாவுக்கு இன்னும் முடி அடர்த்தியா வரல, கழுத்துல வெள்ளைத் திட்டு வேற. இதெல்லாம் சரியாகுமா?

பாலக்கோடு அம்மா:

எல்லாருக்கும் வணக்கங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இன்னிக்குத்தான் எழுதறேன், தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க. நாங்க பாலக்கோடு பக்கம், வீட்டுக்காரர் தக்காளி மண்டியில இருக்காரு. எம்பொண்ணுக்கு 9 முடிஞ்சு 10 நடக்குது. கைக்குழந்தையா இருக்கும்போதே தலசீமியா மேஜர், அதாவது உடம்புல ரத்தம் சரியா ஊறாத பொறவிக் குறைன்னு சொல்லிட்டாங்க. நானும் அவரும் சொந்தம், எனக்கு மாமா பையன், எங்க ரெண்டு பேருக்குமே அந்தக் குறை ஒளிஞ்சிருக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. 3 வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏத்தி ஏத்தி 5 வயசு வரைக்கும் கொண்டாந்தோம். ரத்தம் ஊற வைக்கற ஸ்டெம் செல் அவ அண்ணனோடது முழுசா மேட்ச் ஆச்சு, கடனை உடனை வாங்கி ட்ரான்ஸ்ப்ளான்ட் பண்ணிட்டோம். அதுக்கப்புறம் ஒரு பாட்டில் ரத்தம் ஏத்தல, ஹீமோகுளோபின் 12க்கு கீழ எறங்கல. அந்த விஷயத்துல கும்பிட்ட சாமி கைவிடல.

ஆனா முடி விஷயம் தாங்க மனசை அறுக்குது. மருந்து குடுத்தப்ப முழுசா கொட்டிச்சு, அது கொட்டும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க, 6 மாசத்துல வந்துரும்னும் சொன்னாங்க. வந்துச்சு, ஆனா உச்சந்தலையில மண்டை தெரியற மாதிரி மெல்லிசா, சோளக்கதிர் நார் மாதிரி இருக்கு, 4 வருஷமா அப்படியேதான் நிக்குது. ஸ்கூல்ல ரெட்டை ஜடை போட்டு ரிப்பன் கட்டிட்டுத்தான் வரணும்னு ரூல், இவளுக்கு ரிப்பன் நிக்க மாட்டேங்குது, பிரேயர்லயே அவுந்து விழுந்துருது. மாரியம்மன் பண்டிகைக்கு எல்லா புள்ளைங்களும் கனகாம்பரம் வெச்சுட்டு போச்சுங்க, இவ பூவை கையில வெச்சுட்டு என்னை பாத்தா பாருங்க, அந்தப் பார்வை இன்னும் என் கண்ணுல நிக்குது.

இது போதாதுன்னு போன வருஷத்துலேருந்து கழுத்துக்குப் பின்னாடி பால் மாதிரி வெள்ளையா ரெண்டு திட்டு, இப்ப காதுக்குக் கீழயும் ஒண்ணு. அக்குள், கழுத்து மடிப்பு எல்லாம் கருப்பா இருக்கு. நகம் குறுக்க கோடு கோடா வருது. செக்கப்புக்கு போனப்ப கேட்டேன், ரத்தம் நல்லா இருக்கும்மா, உசுரு பொழைச்சாச்சுல்ல, முடிக்கு எதுக்கு இவ்ளோ கவலைன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவங்களைத் தப்பு சொல்லல, ஆயிரம் புள்ளைங்களைப் பாக்கறவங்க, ஆனா எனக்கு இருக்கறது இந்த ஒரு பொண்ணுதானே.

வீட்டுல ஆயா மொட்டை போட்டுட்டா நல்லா வளரும்கறாங்க. வெள்ளைத் திட்டைப் பாத்து சொந்தக்காரங்க குஷ்டம்னு முணுமுணுக்கறாங்க. மெடிக்கல்ல ஒரு க்ரீம் குடுத்தாங்க, சந்தையில ஒருத்தர் மூலிகை எண்ணெய் குடுத்தாரு, ரெண்டையும் இன்னும் தொடல, அப்படியே இருக்கு. நோய் திரும்பி வருதா, இல்ல மருந்தோட பக்கவிளைவா, இதே மாதிரி யார் வீட்டுலயாச்சும் பாத்திருக்கீங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஊத்தங்கரை அப்பா:

தங்கச்சி, மொதல்ல அந்த க்ரீமையும் எண்ணெயையும் தொடாம வெச்சிருந்தீங்களே, அதுக்கே உங்களைக் கும்பிடணும். நான் தொட்டுட்டேன், அதனால சொல்றேன்.

எம்பையனுக்கு ஏப்ளாஸ்டிக் அனீமியா, மஜ்ஜையில ரத்தமே ஊறாம போற நோய், 7 வயசுல அவங்க அக்காவோட ஸ்டெம் செல் வெச்சோம், இப்ப 13. உங்க கதைக்கு நேர் எதிர்க் கதை எங்களுது. அவனுக்கு முடி கொட்டினது திரும்ப பழையபடி அடர்த்தியாவே வந்துச்சு, அதுவும் மொதல்ல சுருள் சுருளா வந்து அப்புறம் நேராச்சு. அதோட எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கற சைக்ளோஸ்போரின் மருந்து குடுத்துட்டு இருந்த காலத்துல நெத்தி, கன்னம், கை, முதுகுன்னு எல்லா எடத்துலயும் பூனை முடி அடைஞ்சு போச்சு, ரெண்டு புருவமும் ஒண்ணா சேந்துருச்சு. ஸ்கூல்ல கரடின்னு கூப்பிட்டாங்க. அப்ப அவ்ளோ அழுதான். அந்த மருந்தை கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்தினதுக்கப்புறம் சில மாசத்துல தானாவே உதிந்துருச்சு. அப்படி ஒரு மருந்து இப்பவும் உங்க பாப்பாவுக்கு ஓடுதான்னு பாத்துக்கோங்க, 4 வருஷம் ஆச்சுன்னா நிறுத்தியிருப்பாங்க.

எங்களுக்கு வந்த வினை வேற. மருந்து நிறுத்தி ஒரு வருஷம் கழிச்சு கால்ல தோலு மினுமினுன்னு இருந்துச்சு, கெண்டைக்காலு வீங்கின மாதிரி. நாங்க என்ன நெனச்சோம், பையன் சதை போடறான், நல்லா தேறிட்டான்னு நெனச்சோம். காரக் குழம்பு ஊத்தினா வாய் எரியுதுன்னு தட்டைத் தள்ளி வெச்சான், நாக்கு ருசி மாறிருச்சுன்னு நெனச்சோம். தோலு வறண்டு போய் அரிப்பு இருந்துச்சு, ஒரு கடையில ஒரு களிம்பு வாங்கிப் போட்டேன், ரெண்டு நாள்ல சூப்பரா ஆயிருச்சு, நிறுத்தினதும் முன்ன விட மோசமா வந்துச்சு, திரும்பப் போட்டேன், இப்படியே 5 மாசம் ஓட்டிட்டேன். அதுல ஸ்டீராய்டு இருந்துச்சுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள மணிக்கட்டு மடங்க மாட்டேங்குது, தரையில சம்மணம் போட்டு உக்கார முடியல.

ட்ரான்ஸ்ப்ளான்ட் டாக்டர்கிட்ட போனா, அவரு ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியே செஞ்ச மொத வேலை, தம்பி ரெண்டு கையையும் சேத்து ஒரு வணக்கம் வைப்பான்னாரு. வெச்சான். உள்ளங்கையும் உள்ளங்கையும் ஒட்டல, நடுவுல ஒரு எலுமிச்சம்பழம் போற அளவுக்கு சந்து. டாக்டர் மொகம் மாறினதை நான் பாத்தேன். அதுதான் க்ரானிக் ஜிவிஹெச்டி, அக்கா குடுத்த செல்லு இவன் உடம்பையே வேத்து உடம்புன்னு நெனச்சு தாக்கறது, அதுல தோலு இறுகிப்போற வகை. மருந்து, பிசியோதெரபின்னு ரெண்டு வருஷம் ஆச்சு, இப்ப சம்மணம் போடறான், மணிக்கட்டு மட்டும் முழுசா வரல.

உங்க பாப்பாவுக்கு அது இருக்குன்னு நான் சொல்ல வரல, பயந்துறாதீங்க. இன்னிக்கு ராத்திரி வெளையாட்டு மாதிரி ரெண்டு விஷயம் செய்யச் சொல்லிப் பாருங்க. வணக்கம் வெச்சு முழங்கையைத் தூக்கச் சொல்லுங்க, அப்புறம் கையை நேரா மேல தூக்கி காதை ஒட்டி வைக்கச் சொல்லுங்க. காரம் சாப்பிடறாளா, கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துதுங்கறாளான்னும் கேளுங்க.

ஓசூர் நர்ஸ்:

அக்கா, நான் பெங்களூர்ல எலும்பு மஜ்ஜை மாத்தற ஒரு பிஎம்டி வார்டுல 6 வருஷம் வேலை செஞ்சேன், இப்ப ஓசூர்ல இருக்கேன். ஊத்தங்கரை அண்ணா பையனுக்கு முடி வந்து உங்க பாப்பாவுக்கு ஏன் வரலன்னு நீங்க யோசிச்சிருப்பீங்க, அதுக்கு பதில் உங்க வீட்டு பீரோவுலயே இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து கண்டிஷனிங்னு போட்ட எடத்தைப் பாருங்க. புது செல்லு போடறதுக்கு முன்னாடி பழைய மஜ்ஜையை காலி பண்ண குடுத்த மருந்து பேரெல்லாம் அங்க இருக்கும்.

தலசீமியா புள்ளைங்களுக்கு மஜ்ஜை ரொம்ப வேகமா வேலை செஞ்சுட்டு இருக்கும், அதை அடக்க புசல்ஃபான், இல்லேன்னா ட்ரியோசல்ஃபான், கூட தயோடெபா, ஃப்ளூடாரபின் இப்படி பலமான மருந்து போவும். ஏப்ளாஸ்டிக் அனீமியாவுல மஜ்ஜை ஏற்கனவே காலி, அதனால அவ்ளோ பலமா வேண்டியதில்ல. சாதாரணமா கீமோ என்ன பண்ணும்னா முடி வேர்ல வேகமா பெருகற செல்லை மட்டும் அடிக்கும், வேரோட விதை பத்திரமா இருக்கும், அதனால 3லேருந்து 6 மாசத்துல முளைச்சுரும். புசல்ஃபான், தயோடெபா மாதிரி மருந்து அந்த விதை செல்லையே சில பேருக்கு தொட்டுரும். 6 மாசம் தாண்டியும் முழுசா வரலன்னா அதுக்கு நிரந்தர முடி இழப்புன்னே பேரு வெச்சிருக்காங்க. எல்லாருக்கும் வராது, ஆனா வர்றது எங்களுக்குத் தெரியும், முன்கூட்டியே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். ஒரு நர்ஸா இதைச் சொல்ல எனக்கு வருத்தமா இருக்கு, சம்மதப் பேப்பர்ல கையெழுத்து வாங்கும்போது 30 விஷயம் சொல்வோம், அந்த நேரத்துல அம்மா அப்பா காதுல உசுரு ஒண்ணுதான் விழும், முடியை அடிச்சு சொல்ல எங்களுக்கும் வாய் வராது.

அக்குள் கருப்புக்கும் ஒரு காரணம் சொல்றேன். தயோடெபா வேர்வை வழியா வெளிய வரும், அதனாலதான் அந்த நாள்ல ஒரு நாளைக்கு 3, 4 தடவை குளிப்பாட்டி பெட்ஷீட் மாத்தச் சொல்லியிருப்பாங்க, ஞாபகம் இருக்கா? ப்ளாஸ்டர் ஒட்டின எடம், மடிப்பு, இதுல எல்லாம் தோலு வெந்து கருத்துரும். ஆனா அது மாசக்கணக்குல வெளுத்துரணும். 4 வருஷம் கழிச்சும் கருப்பு இருந்தா, இல்ல புதுசா கருத்தா, அதை வேற காரணமான்னு பாக்கணும். உடம்புல இரும்பு எவ்ளோ சேந்திருக்குன்னு காட்டற ஃபெரிட்டின் டெஸ்ட் கடைசியா எப்ப பாத்தீங்க? ட்ரான்ஸ்ப்ளான்ட் ஆனா ரத்தம் ஏத்தறது நிக்கும், ஆனா முன்னாடி 5 வருஷம் ஏத்தின ரத்தத்தோட இரும்பு உடம்புல அப்படியே படிஞ்சு கெடக்கும், தோலையும் கருக்கடிக்கும். அதை மாத்திரை குடுத்தோ, கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் எடுத்து விட்டோ குறைப்பாங்க. இரும்பு குறையற வரைக்கும் முருங்கைக்கீரை சூப்பு, பேரீச்சம்பழம்னு யாராச்சும் முடிக்கு சொன்னாங்கன்னு தனியா குடுக்காதீங்க.

இன்னொண்ணு, நம்ம நாட்டுல 1983ல மும்பை டாட்டா மெமோரியல்லயும் 1986ல வேலூர் சிஎம்சியிலயும்தான் இந்த சிகிச்சையே ஆரம்பிச்சது. அப்பல்லாம் பொழைக்க வைக்கறதே பெரிய பாடு. இப்ப பொழைச்சு வளந்து வர்ற புள்ளைங்க ஏராளம், அதனாலதான் 10 வருஷம், 20 வருஷம் கழிச்சு தோல், முடி, நகம், பல்லு என்ன ஆவுதுன்னு கேக்கற காலம் வந்திருக்கு. நீங்க கேட்டது சின்ன கேள்வியே இல்லக்கா.

கம்பைநல்லூர் ஆறுமுகம்:

எங்க ஊர்ல கரிசலாங்கண்ணி, செம்பருத்தி போட்டு காய்ச்சின எண்ணெய் தேச்சு மொட்டை போட்டா 3 மாசத்துல கருகருன்னு வரும்ங்க. என் அண்ணன் மவளுக்கு டைபாய்டு காச்சல்ல கொட்டினது அப்படித்தான் வந்துச்சு. குலதெய்வத்துக்கு வேண்டிக்கிட்டு போடுங்க.

ஓசூர் நர்ஸ்:

அண்ணா, உங்க நல்ல மனசு புரியுது. டைபாய்டுல கொட்டினது எண்ணெய் போட்டாலும் போடலேன்னாலும் வந்திருக்கும், அதுல வேர் சாகறதில்ல. சாமிக்கு வேண்டிக்கிட்டு போடறது குடும்பத்து விருப்பம், அதுல நான் தலையிட மாட்டேன். ஆனா மழிச்சா அடர்த்தி கூடாது, கத்தி தோலுக்கு மேலதான் போவுது, வேர் தோலுக்கு உள்ள இருக்கு. பாப்பாவுக்கு இப்ப இருக்கற முடியும் போயி அது திரும்ப மெல்லிசாவே வந்தா அந்த ஒரு வருஷத்தை அவ எப்படி ஸ்கூல்ல தாங்குவா, அதைத்தான் யோசிக்கறேன். மொட்டை போட்டே ஆவணும்னா அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போடுங்க, சுத்தமான புது ப்ளேடுல.

தோல் டாக்டர், தர்மபுரி:

அம்மா, பாக்காம எழுத்துல வைத்தியம் சொல்றது சரியில்ல, அதனால என்ன நோய்னு சொல்ல மாட்டேன், என்னென்ன பாக்கணும்னு மட்டும் சொல்றேன், அதை வெச்சு நீங்க உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.

வெள்ளைத் திட்டுல நாலஞ்சு வகை இருக்கு. நம்ம ஊரு வேர்வைக்கு கழுத்துல தேமல் ரொம்ப சகஜம், அது பூஞ்சை, லேசா செதில் உதிரும், பால் வெள்ளையா இருக்காது. நீங்க பால் மாதிரின்னு சொல்றீங்க, அப்படின்னா வெண்புள்ளியா இருக்க வாய்ப்பு உண்டு. வுட்ஸ் லேம்ப்னு ஒரு ஊதா விளக்கை இருட்டு ரூம்ல அடிச்சுப் பாத்தா வெண்புள்ளி நீலமும் வெள்ளையுமா பளிச்சுன்னு தெரியும், வலி கிடையாது, ரெண்டு நிமிஷ வேலை. குஷ்டம்னு சொல்றவங்களுக்கு ஒரே பதில் சொல்லுங்க, தொழுநோய்த் திட்டு இப்படி பால் வெள்ளையா வராது, மங்கலா இருக்கும், அந்த எடத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கும். வெண்புள்ளி தொத்தாது, அதுக்கும் தொழுநோய்க்கும் சம்பந்தமே இல்ல. வெண்குஷ்டம்ங்கற பழைய பேரே எத்தனையோ புள்ளைங்க வாழ்க்கையை கெடுத்துச்சு, வீட்டுல அந்த வார்த்தையை யாரும் சொல்ல விடாதீங்க.

ட்ரான்ஸ்ப்ளான்ட் ஆன குழந்தைகளுக்கு வெண்புள்ளி வர்றது எங்களுக்கு தெரிஞ்ச விஷயம்தான். புதுசா வந்த வெள்ளை அணு நிறம் குடுக்கற செல்லைத் தாக்கறதால வரலாம், சில சமயம் தானம் குடுத்தவங்களுக்கு வெண்புள்ளி இருந்தா அந்தக் குணமும் சேந்து வந்திருக்கு. அண்ணனுக்கு உடம்புல எங்கயாச்சும் திட்டு இருக்கான்னு ஒரு தடவை பாத்துருங்க. க்ரானிக் ஜிவிஹெச்டிய எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறதுன்னு அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஹெச் 2005ல வகுத்து 2014ல திருத்தின வழிமுறை ஒண்ணு இருக்கு. அதுல தோல் இறுகறது, ஊதா நிறத்துல தடிச்ச படை, இதெல்லாம் இருந்தாலே நோய்தான்னு சொல்லலாம். வெண்புள்ளி, தழும்போட முடி போறது, நகம் கெடறது, இது மூணும் சந்தேகப்பட வைக்கற அடையாளம்தான், இதை மட்டும் வெச்சு முடிவு கட்டக்கூடாது. உங்க பாப்பாவுக்கு திட்டும் இருக்கு, நக மாத்தமும் இருக்கு, அதனால வாய், கண்ணு, மூட்டு எல்லாம் சேத்து ஒரு தடவை ஒழுங்கா பாக்கச் சொல்லி நீங்க கேக்கறதுல நியாயம் இருக்கு. நகத்துல குறுக்கு கோடு பெரிய காய்ச்சல், பலமான மருந்துக்கு அப்புறம் வந்து 6 மாசத்துல வளந்து வெளிய போயிரும். 4 வருஷம் கழிச்சு வருதுன்னா வேற காரணம் தேடணும், நீளவாக்குல வெடிச்சு நுனி பிளந்தா இன்னும் சீக்கிரம் காட்டணும்.

முடிக்கு நான் மொதல்ல கேக்கறது தைராய்டு. இந்த சிகிச்சைக்கு அப்புறம் வருஷக்கணக்குல தைராய்டு குறைஞ்சு போற குழந்தைங்க உண்டு, முடி மெல்லிசாவும், தோல் வறளும், குழந்தை மந்தமா இருக்கும், வளத்தி குறையும், ஒரு டிஎஸ்ஹெச் டெஸ்ட்ல தெரிஞ்சுரும், மாத்திரையில சரியாவும். அதுக்கப்புறம் வைட்டமின் டி. அப்புறம் தோலைப் பெரிசாக்கிக் காட்டற டெர்மோஸ்கோப் வெச்சு மண்டைத்தோல்ல முடிக்குழி திறந்திருக்கா இல்ல தழும்பு விழுந்து மூடிருச்சான்னு பாப்பேன். திறந்திருந்தா மினாக்சிடில் மாதிரி மருந்து முயற்சி பண்ணலாம், சில குழந்தைகளுக்கு கொஞ்சம் அடர்த்தி கூடுது, பழையபடி ஆகும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். குழந்தைக்கு அளவு வேற, நீங்களா கடையில வாங்கிப் போடாதீங்க.

கழுத்து மடிப்புக் கருப்பு வெல்வெட் துணி மாதிரி தடிச்சு இருக்கா? இருந்தா அது இன்சுலின் சரியா வேலை செய்யாததோட அடையாளம், இந்தக் குழந்தைகளுக்கு பிற்காலத்துல சர்க்கரை, கொழுப்பு பிரச்சினை கூடுதலா வருது, அதனால சர்க்கரை டெஸ்டும் எடுங்க. தேய்ச்சுக் குளிப்பாட்டி போக்க முயற்சி பண்ணாதீங்க.

மெடிக்கல்ல குடுத்த க்ரீம் டியூப்ல பேரைப் பாருங்க. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால், இப்படி சோன், சால்னு முடியற பேரு இருந்தா ஸ்டீராய்டா இருக்க வாய்ப்பு அதிகம். 2018லேயே இந்த வகை களிம்பெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு கொண்டு வந்துட்டாங்க, ஆனாலும் கடைகள்ல சகஜமா குடுக்கறாங்க. டாக்டர் எந்த எடத்துக்கு எத்தனை நாள்னு சொல்லிக் குடுத்தா ஸ்டீராய்டு நல்ல மருந்து, சும்மா போட்டா தோலை மெலிய வெச்சு, உள்ள இருக்கற நோயை மூடி மறைச்சுரும். ஊத்தங்கரை சார் பையனுக்கு ஆனது அதுதான். வெண்புள்ளிக்கு டாக்ரோலிமஸ் களிம்பு இருக்கு, ஒளி சிகிச்சையும் இருக்கு, ஆனா ட்ரான்ஸ்ப்ளான்ட் ஆன தோலுக்கு அல்ட்ராவயலட் வெளிச்சம் குடுக்கறதை உங்க ட்ரான்ஸ்ப்ளான்ட் டாக்டரும் நாங்களும் பேசித்தான் முடிவு பண்ணணும்.

வெயில். இதை மட்டும் அழுத்திச் சொல்றேன். நம்ம மாநிறத் தோல்தானே, கருப்புதானே, சன்ஸ்க்ரீன் எதுக்குன்னு எல்லாரும் கேக்கறாங்க. வெயில் பட்டு அடங்கியிருந்த ஜிவிஹெச்டி கிளம்பின குழந்தைங்க உண்டு. வெண்புள்ளி எடத்துல பாதுகாப்பு நிறமே கிடையாது, சீக்கிரம் பொசுங்கும். பிற்காலத்துல தோல் புற்றுநோய் வர்ற வாய்ப்பும் மத்தவங்களை விட இவங்களுக்கு கூட, முக்கியமா உடம்பு முழுக்க ரேடியேஷன் குடுத்தவங்களுக்கும், வோரிக்கோனசோல்ங்கற பூஞ்சை மருந்தை ரொம்ப நாள் சாப்பிட்டவங்களுக்கும். காலை 10லேருந்து சாயந்தரம் 4 வரைக்கும் முழுக்கை சட்டை, அகலமான தொப்பி, இல்லேன்னா குடை, மொகத்துக்கும் கழுத்துக்கும் எஸ்பிஎஃப் 30க்கு மேல சன்ஸ்க்ரீன், வேர்த்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போடணும். விலை கட்டுப்படியாகலேன்னா குடையும் முழுக்கை சட்டையும் மட்டுமே பாதி வேலை செய்யும். வருஷத்துக்கு ஒரு தடவை துணியை எல்லாம் எடுத்துட்டு தலை முதல் கால் வரைக்கும் தோலைக் காட்டுங்க, வாழ்நாள் முழுக்க.

கிருஷ்ணகிரி பொண்ணு:

அக்கா நான் இப்ப 23 வயசு, எனக்கு ரத்தப் புற்றுநோய், 8 வயசுல ட்ரான்ஸ்ப்ளான்ட், உடம்பு முழுக்க ரேடியேஷன் குடுத்தாங்க, தம்பிதான் டோனர். உங்க போஸ்டைப் படிச்சுட்டு ரெண்டு நாளா எழுதி எழுதி அழிச்சேன். கனகாம்பரத்தை கையில வெச்சுட்டு நின்னது நான்தான்னு தோணுச்சு.

என் உச்சந்தலை இன்னிக்கும் மெல்லிசுதான். டாக்டர் சொன்ன எல்லாம் செஞ்சும் பாதிதான் வந்துச்சு, இதை மறைக்காம சொல்றேன், ஏன்னா எனக்கு எல்லாரும் வந்துரும் வந்துரும்னே சொல்லிட்டு இருந்தாங்க, ஒவ்வொரு பொறந்த நாளுக்கும் அடுத்த பொறந்த நாளுக்குள்ள வந்துரும்னு நெனச்சேன், 13 வயசுல தான் ஒரு டாக்டரம்மா உக்கார வெச்சு, கண்ணு இது முழுசா வராம போவலாம், நம்ம வேற என்ன செய்யலாம்னு பாப்போமான்னு கேட்டாங்க. அன்னிக்கு ராத்திரி முழுக்க அழுதேன், மறுநாள்லேருந்து காத்திருக்கறதை விட்டுட்டேன், அது பெரிய நிம்மதி அக்கா. பாப்பாகிட்ட அவ வயசுக்கு ஏத்த மாதிரி உண்மையைச் சொல்லிருங்க.

ஸ்கூல்ல எங்கம்மா ட்ரான்ஸ்ப்ளான்ட் டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி ஹெச்எம் மேடத்துகிட்ட குடுத்தாங்க, ரெட்டை ஜடை வேண்டாம், கிராப்பு வெட்டிக்கலாம், பிரேயர்லயும் பிடி பீரியட்லயும் தொப்பி போட்டுக்கலாம்னு. ஒரு வாரம் எல்லாரும் கேட்டாங்க, அப்புறம் யாரும் கேக்கல. கிராப்பு வெட்டினா மெல்லிசு அவ்ளோ தெரியாது, நீளமா வளத்து எண்ணெய் வெச்சு படிய வாரினாதான் மண்டை தெரியும். கல்யாணம் காட்சிக்கு சவுரி வெச்சு கட்ட முயற்சி பண்ணோம், இருக்கற முடியையும் இழுத்துட்டு வந்துச்சு, அதை மட்டும் வேண்டாம்க்கா. விக் நான் காலேஜ் ரெண்டு வருஷம் போட்டேன், வெயில் காலத்துல அரிச்சு எடுக்கும், உள்ள பருத்தித் துணி தொப்பி போட்டுக்கணும்.

மச்சம் எனக்கு நெறைய வந்துச்சு, முதுகுல எண்ண முடியாது. கீமோவும் ட்ரான்ஸ்ப்ளான்டும் ஆன புள்ளைங்களுக்கு மச்சம் கூடுதலா வருமாம். அதுல ஒண்ணு ஓரம் பிசிறா, ரெண்டு நெறமா மாறிச்சு, வெட்டி டெஸ்ட் பண்ணாங்க, ஒண்ணுமில்லன்னு வந்துச்சு. இப்ப வருஷா வருஷம் அம்மா என் முதுகை போட்டோ எடுத்து பழைய போட்டோவோட வெச்சுப் பாப்பாங்க. கையில கால்ல மரு வந்தா அதையும் காட்டுங்க, எனக்கு ஒண்ணு வந்து பத்தா பரவிருச்சு, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு அது சுலபமா போறதில்ல.

இன்னொரு விஷயம், பொதுவுல எழுத கூச்சமா இருக்கு, ஆனா எனக்கு யாரும் சொல்லாததால எழுதறேன். தோல்ல வர்ற இந்த ஜிவிஹெச்டி பொண்ணுங்களுக்கு கீழ, மறைவான எடத்துலயும் வரலாம். எரிச்சல், வெடிப்பு, ஒண்ணுக்கு போறப்ப வலி இருந்தா பாப்பா வெக்கப்பட்டு மறைக்காம உங்ககிட்ட சொல்லணும், நீங்களும் குளிப்பாட்டும்போது சாதாரணமா கேட்டுட்டே இருங்க. பசங்களுக்கும் உண்டு. அதோட 10, 11 வயசுல ஒரு ஹார்மோன் டாக்டர்கிட்ட காட்டிருங்க, அந்த கண்டிஷனிங் மருந்துனால வயசுக்கு வர்றது தள்ளிப்போகலாம், தானா வராமலும் போகலாம், அதுக்கும் மருந்து இருக்கு.

ஒரு நல்ல விஷயம் சொல்லிட்டு முடிக்கறேன். என் ப்ளட் க்ரூப் முன்னாடி ஓ, இப்ப தம்பியோடது பி. என் உடம்புல ஓடற ரத்தம் பூரா அவன் மரபணுதான். ஆனா முடி மாறறதில்லக்கா, என் முடியை வேரோட எடுத்து டெஸ்ட் பண்ணா அதுல நான்தான் இருப்பேன், பொறந்தப்ப இருந்த அதே நான். இதை ஒரு டாக்டர் சொன்னதுலேருந்து இருக்கற கொஞ்ச முடி மேல எனக்கு ஒரு தனிப் பாசம்.

பாலக்கோடு அம்மா:

எல்லாருக்கும் கோடி நன்றிங்க. தங்கச்சி நீ எழுதினதை அவளுக்குப் படிச்சுக் காட்டினேன், கீழ எழுதினதை விட்டுட்டு. ரத்தம் அண்ணனுது, முடி என்னுதான்னு ரெண்டு தடவை கேட்டா. அப்புறம் அண்ணன்கிட்ட போய் சொல்லிட்டு வந்தா.

பீரோவுல தேடி சம்மரியை எடுத்தோம், நர்ஸம்மா சொன்ன மாதிரியே புசல்ஃபான், தயோடெபா ரெண்டு மருந்து பேரும் இருக்கு. க்ரீம் டியூப்ல மொமெட்டசோன்னு போட்டிருக்கு, தனியா எடுத்து வெச்சுட்டேன், டாக்டர்கிட்ட காட்டணும். மாமியார்கிட்ட அந்த வார்த்தையை இனிமே இந்த வீட்டுல சொல்லக்கூடாதுன்னு அவரே சொல்லிட்டாரு, எனக்கு அதுவே பெரிசு. நேத்து டிஎஸ்ஹெச், ஃபெரிட்டின், சர்க்கரை மூணுக்கும் ரத்தம் குடுத்துட்டு வந்தோம், அடுத்த செவ்வாய் தோல் டாக்டர்கிட்ட போறோம், மண்டிக்கு லீவு சொல்லிட்டாரு.

ஊத்தங்கரை அண்ணா, வணக்கம் வைக்கச் சொல்லிப் பாத்தேங்க. ரெண்டு உள்ளங்கையும் நல்லா ஒட்டுது, சந்து இல்ல. கையும் காதைத் தொடுது. ரசம் காரமா வெச்சுக் குடுத்தேன், இன்னொரு டம்ளர் கேட்டா.

ஊத்தங்கரை அப்பா:

இப்பத்தான் மூச்சு வந்துச்சு தங்கச்சி. அந்த வணக்கத்தை அப்படியே ஒரு போட்டோ எடுத்து தேதி போட்டு வைங்க, 3 மாசத்துக்கு ஒண்ணு. எங்ககிட்ட மொத வருஷத்து போட்டோ இல்ல. செவ்வாய்க்கிழமை என்ன சொன்னாங்கன்னு மறக்காம எழுதுங்க.